ஏன் டீச்சர்

என் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் 'ஏன் டீச்சர்' என்று பெயர். வைத்தது பிள்ளைகள், பரப்பியது கூட வேலை பார்க்கும் வாத்தியார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். "ஏன் அந்தப் பேரு வெச்சீங்கன்னு பசங்ககிட்ட கேட்டியா?" என்று ஒருமுறை சீண்டினேன். "கேட்டேனே. காரணம் சரியாத்தான் சொன்னாங்க" என்றாள். அவள் கணவர், எங்கள் மாமா, லாரிப் பட்டறையில் மெக்கானிக். "வீட்டுல நான் வாயே தெறக்கறதில்லம்மா. தெறந்தா ஏன்னு வரும். எஞ்சின் எவ்வளவோ தேவலாம், கொஞ்ச நேரம் கத்திட்டு நின்னுடும்" என்பார்.

பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. கடைக்குப் பின்னால் நானும் என் மகளும் இருக்கிற ஒற்றை அறை. மாடியில் அக்காவும் மாமாவும். என் வீட்டுக்காரர் வெளியூர் வேலைக்குப் போனவர் போனவர்தான், அவரைப் பற்றி இங்கே பேச்சில்லை. மிஷின் சூடாகும்வரை எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஐந்தாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளும் ஒரே நீள அறையில் இருந்தன, நடுவில் பிளைவுட் பலகைத் தடுப்பு. ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் மைக் வாத்தியார். மைக் இல்லாமலே தெருமுனைவரை கேட்கும் குரல் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவர் கேள்வியைச் சொல்ல, பிள்ளைகள் பதிலைக் கத்த, காலையிலிருந்து சாயங்காலம்வரை அதே ராகம். அந்தக் கேள்வி பதில்களை அவரே எழுதிக் கைடாகத் தைத்து வைத்திருந்தார். பிரதி எடுப்பது என் கடையில். சொல்லப்போனால் எனக்குப் படியளந்தவர் அவர்தான்.

அக்கா பக்கமிருந்து சத்தமே வராது. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவளால் எனக்கு ஒரு தாள் வியாபாரம் கிடையாது. வருஷத் தொடக்கத்தில் வந்து பிரவுன் பேப்பர் மட்டும் சும்மா அள்ளிக்கொண்டு போவாள். அதை வெட்டி, எல்லாப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலும் ஒவ்வொரு பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகள் மேல் ஒட்டிவிடுவாள். கேள்வி தெரிந்தால் பிள்ளைகள் பாடத்தைப் படிக்க மாட்டார்கள், பதிலைத் தேடுவார்கள் என்பது அவள் கட்சி. "கேள்வி மொதல்ல உங்ககிட்ட இருந்து வரட்டும்" என்பாள். பள்ளிப் புத்தகத்தைப் பாழாக்குகிறாள் என்று தலைமையாசிரியர் முதல் வருஷம் குதித்தார். அப்புறம் குதித்துக் குதித்து அலுத்துவிட்டார்.

இந்தக் கிறுக்கு அவளுக்குப் பிறவியில் வந்ததில்லை. படிக்கும் காலத்தில் அவளும் நெட்டுருப் போட்டு முதல் மார்க் வாங்கியவள்தான், பக்கத்தில் படுத்திருந்த எனக்கே அவள் பாடமெல்லாம் மனப்பாடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்று அவளை மாற்றியது. அவள் வகுப்பில் வாசிப்புக்குப் பரிசு வாங்கிய ஒரு பெண் இருந்தாள். தங்குதடை இல்லாமல், நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, கணீரென்று வாசிப்பாள். ஒருநாள் வாசித்த பாடத்தில் ஒரு கிழவர் தனியாகக் கிடந்து செத்துப்போகிறார். அந்தப் பெண் அதையும் கணீரென்று வாசித்து முடித்துவிட்டு, பாராட்டுக்காக அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "பாவம், அந்தக் கிழவருக்கு ஏன் இப்படி ஆச்சு?" என்று அக்கா கேட்டாள். "எந்தக் கிழவர் டீச்சர்?" என்றது அந்தப் பெண். அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. இத்தனை நாளாக நான் என்ன கிழித்துக்கொண்டிருந்தேன் என்று என்னிடம்தான் கேட்டாள். எனக்கென்ன தெரியும்.

அதற்குப் பிறகுதான் பேசாமல் படிக்கும் பழக்கம் வந்தது. படித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, நடந்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்வாள். என்ன சொன்னாலும் "ஏன் அப்படி நெனைக்கற?" என்பாள். "எந்த வரி உனக்கு அப்படிச் சொல்லுச்சு? அதுல வெரல வை." விரல் வைக்க ஒரு வரி இருந்தால் எந்தப் பதிலும் சரி. இல்லாவிட்டால் அவள் மனதில் இருந்த பதிலாகவே இருந்தாலும் தப்பு. மெதுவாகப் படிக்கிற பிள்ளையை அவசரப்படுத்த மாட்டாள். பதிலைத் தானாகச் சொல்லவும் மாட்டாள். மற்றவர்களுக்கு இதெல்லாம் சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. டீச்சர் உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள், சம்பளம் வருகிறது என்றார்கள்.

அவள் சும்மா இருந்திருந்தால் யாரும் வம்புக்கு வந்திருக்க மாட்டார்கள். ஆசிரியர் கூட்டத்தில் ஒருநாள் கரும்பலகையில் 'பிலுவன் நெசடியில் நின்று கமுட்டைக் கொளந்தான்' என்று எழுதினாளாம். பிலுவன் எங்கே நின்றான் என்று கேட்டிருக்கிறாள். மைக் வாத்தியார் முந்திக்கொண்டு "நெசடியில்" என்றாராம். எதைக் கொளந்தான்? "கமுட்டை." யார் கொளந்தது? "பிலுவன்." "முழு மார்க் சார். இப்ப பிலுவன் என்னதான் பண்ணான்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்றிருக்கிறாள். எல்லாம் அவளே இட்டுக்கட்டிய சொற்கள், அர்த்தமே கிடையாது. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்து, நேரமாயிற்று என்று கூட்டத்தை முடித்தார். மைக் வாத்தியார் அந்த மாதம் முழுக்க என் கடையில் சிரிக்காமல் பிரதி எடுத்துக்கொண்டு போனார். நாலு பேர் நடுவில் மூக்கை அறுத்துவிட்டு அவரிடம் நல்ல பெயரை எதிர்பார்க்க முடியுமா?

என் மகளை வாலு என்று கூப்பிடுவோம். நான்காம் வகுப்பிலிருந்து அவள் அக்காவிடம்தான் படித்தாள், ஏனென்றால் அக்கா தன் வகுப்புப் பிள்ளைகளோடு மேல் வகுப்புக்குப் போகும் ஏற்பாட்டைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தாள். முதலில் வாலு அழுதாள். பக்கத்து வகுப்பில் எல்லாம் சொல்லித் தருகிறார்கள், பெரியம்மா ஒன்றுமே சொல்வதில்லை என்று. சில மாதம் போயிற்று. ஒருநாள் வாடகைக்கு வீடு என்று ஒட்டுவதற்காக ஒரு ஆள் பிரதி எடுக்க வந்திருந்தார். வாலு அந்தத் தாளைப் படித்துவிட்டு, "அமைதியான குடும்பத்துக்கு மட்டும்னு போட்டிருக்கே, கொழந்தை இருக்கக் கூடாதுன்னு அர்த்தமாம்மா? நேரா சொல்ல வெக்கமா இருக்கா அவருக்கு?" என்றாள். அந்த ஆள் முகம் சிவந்துபோய்ச் சில்லறை வாங்காமல் போய்விட்டார். நான் வாலுவைத் திட்டினேன். மாடியில் அக்காவிடம் சொன்னபோது அவளுக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. பிள்ளை பெற்றவள்கூட அப்படிப் பூரித்திருக்க மாட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இரண்டு வழிதான். ஒன்று, பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் விடுதிப் பள்ளி. நூலகம், ஆய்வுக்கூடம், ஒழுங்காக வரும் ஆசிரியர்கள். நுழைவுத் தேர்வில் தேறினால் எல்லாம் இலவசம். இன்னொன்று, பாதி வகுப்பில் வாத்தியார் இல்லாத பழைய பள்ளி. அதில் சேர்கிற பெண் பிள்ளைகள் பாதியிலேயே நின்று தையல் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். நான் அதில்தான் எட்டாவதோடு நின்றேன், தையல் கம்பெனியில் முதுகு ஒடிந்தபின் இந்த மிஷின் முன்னால் வந்து நிற்கிறேன். வாலு விடுதிப் பள்ளிக்குப் போக வேண்டும். எனக்கு இதைத் தவிர வேறு ஆசையே இல்லை.

அந்தத் தேர்வில் பாதிக்கு மேல் படித்துப் புரிந்துகொண்டு பதில் எழுதும் பகுதி. அக்கா பிள்ளைகளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி என்று நினைத்தேன். முடிவு வந்தபோது மைக் வாத்தியார் பிரிவில் ஒரு கூட்டமே தேறியிருந்தது. அக்கா பிரிவில் ஒரு பிள்ளைகூட இல்லை. வாலுவும் இல்லை.

விடைத்தாளைப் பார்க்க அனுமதி உண்டு. நானும் அக்காவும் கடையைப் பூட்டிவிட்டுப் போனோம். தேர்வுப் பொறுப்பில் இருந்தவர் கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்ட ஒரு அம்மா, மேஜையெல்லாம் விடைத்தாள் கட்டு. வாலுவின் தாளை எடுத்துத் தந்தார். கொடுத்திருந்த கதை சின்னதுதான். ஒரு ரொட்டிக் கடைக்காரர், விற்காமல் நின்ற ரொட்டிகள் மறுநாள் கெட்டுவிடும் என்பதால் அவற்றை ஏழைகளுக்குக் கொடுத்துவரும்படி வேலையாளிடம் சொல்கிறார். வேலையாள் கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே வீடு வீடாகக் கொடுக்கிறார். மறுநாள் ஊரே கடைக்கு வந்து கடைக்காரருக்கு நன்றி சொல்கிறது. கதையில் நல்லவர் யார் என்பது முதல் கேள்வி. வேலையாள் என்று வாலு எழுதியிருந்தாள். ரொட்டி கெட்டுவிடும் என்று கதையிலேயே இருக்கிறது, கடைக்காரருக்கு நஷ்டம் இல்லை, நனைந்தவர் வேலையாள். மக்கள் ஏன் கடைக்காரருக்கு நன்றி சொன்னார்கள்? கடையின் பெயர்தான் அவர்களுக்குத் தெரியும். கதைக்கு ஒரு தலைப்புக் கொடு. 'ஒரு குடை கொடுத்திருக்கலாம்.' எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்பில் முட்டை.

அக்கா அந்தத் தாளின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு பதிலுக்கும் கதையில் இருக்கும் வரியைக் காட்டினாள். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எனக்குப் புரியுது டீச்சர். உங்க பசங்க பேப்பரெல்லாம் இப்படித்தான் இருந்துச்சு. இந்தத் தலைப்பப் படிச்சுட்டு நானே சிரிச்சேன். ஆனா எங்க கையில குடுத்திருக்கற விடையில கடைக்காரர்னு இருக்கு. தர்மம் செஞ்சதால அவர் நல்லவர். அதுக்குத்தான் மார்க்."

"நீங்க படிச்சீங்கல்ல? உங்களுக்கு யார் நல்லவர்னு தோணுது?" என்றாள் அக்கா.

"எனக்குத் தோணறதுக்கெல்லாம் மார்க் போட முடியுமா? இவளுக்குப் போட்டா மேல இருக்கறவங்க ஏன்னு கேப்பாங்க." தாளைத் திரும்ப வாங்கிக் கட்டுக்குள் செருகினார். "தவறினவங்களுக்கு அடுத்த மாசம் இன்னொரு தடவ இருக்கு. கைடு ஏதாவது வாங்கிக் குடுங்க. கெட்டிக்காரப் பொண்ணு, தேறிடுவா."

நல்ல மனுஷி. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்டவளாக இருந்தால் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டாவது வந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அக்கா மேல் கொட்டினேன். "ஊரு பிள்ளையெல்லாம் பதில எழுதிட்டு போகுது. எம் பொண்ணு மட்டும் நியாயம் பேசிட்டு நிக்கணுமா? உன் ஏன்-ன தூக்கி அடுப்புல போடு. உனக்குன்னு ஒரு பிள்ளை இருந்தா இந்தச் சோதனையெல்லாம் பண்ணுவியா?" அக்காவுக்குப் பிள்ளையில்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன், அது உறைக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. மாமாதான் எழுந்து வந்து, "போதும்மா, விடு" என்று என்னைக் கீழே அனுப்பிவைத்தார்.

மறுநாள் மதிய இடைவேளையில் அக்கா கடைக்கு வந்தாள். மைக் வாத்தியாரின் கைடு ஒன்று வேண்டும் என்றாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலமே மிஷினுக்குப் பக்கத்து மேஜையில் வாலுவை உட்காரவைத்தாள். வாய்விட்டுப் பதில் சொல்லிக்கொடுக்கிற அக்காவை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"பணம் இருக்கறவர் குடுத்தா அவர் நல்லவர். பெரியவங்க சொன்னத கேட்டா நல்ல பையன். கடைசியில நீதி கேட்டா ஒழுக்கம், உழைப்பு, நன்றி, இந்த மூணுல ஒண்ணு. எழுதிக்கோ."

"கதையில அப்படி இல்லன்னா?"

"இருந்தாலும் இல்லன்னாலும் அதையே எழுது."

"பெரியம்மா, உங்களுக்கு இது சரின்னு தோணுதா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்?"

"கேள்வி கேக்காம எழுதுடி." அக்கா அதைச் சொல்லிவிட்டு மிஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஓடாத மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் வாலு முரண்டு பிடித்தாள். அடுத்த வாரம் பழகிவிட்டது. அதன்பிறகு கதையைப் படிப்பதற்கு முன்னாலேயே கேள்வியைப் பார்த்து, கேள்வியில் இருக்கும் சொல்லைக் கதையில் தேடி, அந்த வரியை அப்படியே தூக்கி எழுத ஆரம்பித்தாள். மைக் வாத்தியார் பிள்ளைகளைவிட வேகமாக. கெட்டிக்காரப் பிள்ளைக்கு எதையும் கற்றுக்கொடுத்துவிடலாம், முட்டாள்தனம் உட்பட. அக்கா கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் சீக்கிரம்" என்பாள். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் உறுத்தல். நிம்மதிதான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாலு தேறினாள். வந்த மார்க் பட்டியலில் அவள்தான் முதல். தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டு, "டீச்சர் ஒருவழியா வழிக்கு வந்துட்டாங்க" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். மைக் வாத்தியார் முதலில் கைதட்டினார். அவர் குரல்போலவே கையும்.

அதோடு முடியவில்லை. அக்காவின் வகுப்பில் தேறாமல் போன மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் திரண்டு வந்தார்கள். அந்த இன்னொரு தடவைத் தேர்வும் முடிந்துபோயிருந்தது, அவர்கள் பிள்ளைகளுக்குப் பழைய பள்ளிதான். பள்ளி வாசலில் அக்காவை நிறுத்தி, இஸ்திரி போடும் அம்மா ஒருத்தி கேட்டாள்: "உங்க தங்கச்சி பொண்ணுக்கு மட்டும் உக்கார வெச்சுப் பதில் சொல்லிக் குடுத்தீங்களே டீச்சர், எங்க பசங்களுக்கு மட்டும் எதுக்கு ஏன்?" நான் கடைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் அக்கா எவ்வளவோ பேரை ஏன் என்று கேட்டவள். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன், இன்னும் மோசமாகக் கேட்டிருப்பேன்.

அடுத்த வருஷம் அக்கா தானாகவே கேட்டு ஒன்றாம் வகுப்புக்கு மாறிக்கொண்டாள். இத்தனை அனுபவத்தை வைத்துக்கொண்டு மணலில் எழுத்துப் போடவா போகிறாய் என்றேன். "அங்க அ-ன்னா அ தான். யாருக்கும் பொய் சொல்ல வேண்டியதில்ல" என்றாள். ஐந்தாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளும் மைக் வாத்தியாரிடம் போயின. நடுவிலிருந்த தடுப்பை எடுத்துவிட்டார்கள். எனக்கு வியாபாரம் இரட்டிப்பு.

நான் செய்தது தப்பு என்று யாரும் என்னிடம் சொல்ல வர வேண்டாம். இன்னொரு முறை நேர்ந்தாலும் இதையேதான் செய்வேன். என் மகள் தையல் கம்பெனிக்குப் போகப்போவதில்லை. ஆனாலும் கோபம் தீரவில்லை. அக்கா மேலா, அந்தக் கண்ணாடி அம்மா மேலா, ரொட்டிக் கடைக்காரர் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முதல் விடுமுறைக்கு வாலு விடுதியிலிருந்து வந்தாள். நல்ல உயரம், நல்ல உடுப்பு, நல்ல மார்க். அக்கா அவளுக்காக ஒரு கதைப்புத்தகம் வாங்கி வைத்திருந்தாள். மாடியில் மாமா சாய்ந்துகொள்ளும் நாற்காலியில் உட்கார்ந்து வாலு படித்தாள். அக்கா எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடித்ததையே மறுபடி மடித்தாள். அது ஒரு நாயின் கதை. வீடு மாறிப் போகும்போது ஒரு சிறுமி தன் நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, "இங்கயே இரு, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் வரவே இல்லை. நாய் தினமும் அந்தப் பூட்டிய வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

படித்து முடித்ததும் அக்கா மெல்லக் கேட்டாள். "ஏன்டா அந்த நாய் தெனமும் அங்க வந்து உக்காந்துச்சு?"

வாலு நிமிர்ந்து பார்த்தாள். "எத்தன வரியில சொல்லணும், பெரியம்மா?"

"வரியெல்லாம் இல்ல. உனக்கு என்ன தோணுச்சோ அத சொல்லு."

"எவ்வளவு மார்க்னு சொன்னா அதுக்கேத்த மாதிரி சொல்லுவேன்." கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள், உதவி செய்யத் தயாராக.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ரெண்டு வரி" என்றாள் அக்கா.

வாலு எழுந்து நின்றாள். "நாய் நன்றியுள்ள பிராணி. ஆகவே அது தான் வாழ்ந்த வீட்டை மறக்கவில்லை" என்று தடுமாறாமல் சொன்னாள். சொல்லிவிட்டுச் சரியா என்பதுபோல் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

அக்கா "சரி" என்றாள். வாலு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விளையாடப் போனாள்.